பல் டாக்டரிடம் போகவே நடுக்கம்: மயக்கம் கொடுத்து வைத்தியம் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

தேயிலைத்தூறல்

வணக்கம். கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். கீழ்க் கடவாய்ப் பல் ஒன்றில் சொத்தை ஆழமாகப் போய்விட்டது, ரூட் கெனால் செய்ய வேண்டும் என்று இங்கே ஒரு கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே எடுத்ததில், கீழே இரண்டு பக்கமும் ஞானப்பல் எலும்புக்குள் படுத்த வாக்கில் இருக்கிறதாம். அடிக்கடி வீங்குவது அதனால்தான், எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள்.

வலியை விட எனக்குப் பயம்தான் பெரிய பிரச்சினை. சின்ன வயதில் பல் பிடுங்கியபோது ஊசி சரியாக மரக்கவில்லை. நான் கத்தக் கத்த இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எந்த ஊர், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். இன்றைக்கும் பல் கிளினிக்கின் அந்தக் கிராம்பு வாசனை மூக்கில் பட்டாலே கை சில்லிட்டுப் போகிறது. வாசல் வரை போய்த் திரும்பி வந்ததும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுப்பவள் நான், அதுதான் வேடிக்கை.

கோயம்புத்தூர் போனால் தூங்கவைத்துச் செய்வார்கள் என்கிறார்கள். வாயு, மாத்திரை, கையில் ஊசி, முழு மயக்கம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது என்ன? காலையில் பஸ்ஸில் இறங்கிப் போய் மாலையில் திரும்பிவிட முடியுமா? வீட்டுக்காரர் எஸ்டேட் ஃபேக்டரியில் இருக்கிறார், நினைத்தபோது லீவு கிடைக்காது.

பர்லியார்_ஓட்டுநர்

அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பல்லுக்குப் போய் மயக்க மருந்தா? நான் வெறும் ஊசியோடு நாலு பல் எடுத்தவன். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டால் முடிந்தது.

ரெண்டு_பிள்ளை_அம்மா

ஐயா, அந்த அஞ்சு நிமிஷம் கண்ணை மூட முடியாதவர்கள்தான் இங்கே எழுதுகிறார்கள். குழந்தையை அமுக்கிப் பிடித்துப் பல் எடுத்தது உங்களுக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

தூறல் அக்கா, என் அனுபவம் கொஞ்சம் வேறு. என் சின்னவனுக்கு ஆட்டிசம். வாயில் பிரஷ் வைக்கவே ஒரு பாடு. பல பல் சொத்தை. ஊட்டியில் பார்த்த டாக்டரம்மா நேர்மையாகச் சொன்னார்: "இவனை நாற்காலியில் உட்காரவைத்துச் செய்ய முயன்றால் நாம் எல்லோரும் சேர்ந்து இவனுக்கு ஆயுசு முழுக்கப் பயத்தைக் கொடுத்துவிடுவோம்." கோவையில் ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் முழு மயக்கத்தில் ஒரே தடவையாக எல்லாவற்றையும் முடித்தோம். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, மயக்க டாக்டரைத் தனியாகப் பார்ப்பது எல்லாம் உண்டு. எழுந்ததும் ஒரு அரைமணி நேரம் அழுது புரண்டான், அது மயக்கம் தெளிகிறபோது பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். மறுநாள் இட்லி சாப்பிட்டான். செலவு அதிகம்தான், ஆனால் அவனுக்கு வேறு வழி கிடையாது. உங்களுக்கு அந்த அளவு தேவைப்படுமா என்பது சந்தேகம்.

கொடை_பல்

கொடைக்கானலில் பல் மருத்துவம் பார்க்கிறேன். இழையில் ஒரு விஷயம் கலங்கிக் கிடக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மரத்துப்போக வைப்பது வேறு, பதற்றத்தைத் தணிப்பது வேறு. வாயு, மாத்திரை, கையில் போடும் நரம்பு ஊசி எதைக் கொடுத்தாலும் பல்லுக்குப் பக்கத்தில் மரக்கவைக்கும் லிக்னோகெயின் ஊசி போட்டுத்தான் ஆகவேண்டும். "மயக்கம் கொடுத்தால் வாயில் ஊசி இருக்காது" என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. ஊசி இருக்கும், ஆனால் அதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்காது. வாயுவின் கதையிலேயே இது இருக்கிறது. அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கவைத்தார், வலிக்கவில்லை. அடுத்த மாதமே பாஸ்டனில் பலர் முன்னால் இன்னொருவருக்குச் செய்து காட்டப் போனார். பல்லை இழுத்தபோது அந்த ஆள் முனகிவிட, கூட்டம் கேலி செய்து அனுப்பியது. வாயுவை மட்டும் நம்பிப் பல் எடுப்பது நிச்சயமில்லாத வேலை. அதனால்தான் இன்றைக்கு வாயுவும் ஊசியும் சேர்ந்தே வருகின்றன.

வாயுவில் எனக்குப் பிடித்தது அதன் வேகம். மூக்கில் ஒரு சின்ன மூடி வைப்பார்கள். ஆக்ஸிஜனோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். சில நிமிடத்தில் கைகால் லேசாகும், விரல் நுனி சுரீர் என்று இருக்கும், டிரில் சத்தம் அடுத்த வீட்டில் கேட்பதுபோல் இருக்கும். கேட்டால் பதில் சொல்வீர்கள். முடிந்ததும் அஞ்சு நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும், பெரியவர்கள் பெரும்பாலும் துணையில்லாமலே வீட்டுக்குப் போகலாம். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் வேலைக்கு ஆகாது. முகத்தை மூடினாலே மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கும் ஆகாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், பி12 குறைபாடு, நாள்பட்ட நுரையீரல் நோய், சமீபத்தில் கண்ணுக்குள் வாயு வைத்துச் செய்த விழித்திரை ஆபரேஷன், இவற்றில் ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மலைக்காரர்களுக்காக ஒன்று. வாயுவின் வேலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான். கீழே 50 சதவீத வாயு கொடுக்கும் சுகத்தை மேலே அதே 50 சதவீதம் கொடுக்காது, 38 சதவீதத்துக்குச் சமமாகத்தான் இருக்கும். மெஷினோ குறைந்தது 30 சதவீதம் ஆக்ஸிஜன் போகிற மாதிரிதான் அமைக்கப்பட்டிருக்கும், அதனால் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. லேசான பயத்துக்கு மேலேயும் வாயு போதும். கடும் பயம் உள்ளவர்கள் "போன தடவை கோவையில் நன்றாக இருந்தது, இங்கே ஒன்றும் தெரியவில்லையே" என்றால் மெஷினைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சூர்க்காரன்

கோவையில் மயக்கவியல் டெக்னீஷியனாக இருக்கிறேன், சொந்த ஊர் மஞ்சூர். டாக்டர் சார் சொன்ன உயரக் கணக்கோடு இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஊட்டியில் சாதாரண ஆளுக்கே 95, 96 என்று காட்டும். தணிப்பு மருந்து கொடுத்து மூச்சு கொஞ்சம் மெதுவானால் கீழே இருப்பதை விட மேலே சீக்கிரம் இறங்கும். எனவே நரம்பு வழியாகக் கொடுக்கிற இடத்தில் ஆக்ஸிஜன், ஆக்ஸிமீட்டர், உறிஞ்சும் கருவி, இதையெல்லாம் மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க ஒரு மயக்க டாக்டர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பல் வேலை செய்கிறவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்றால் நான் என் அக்காவை அங்கே அனுப்ப மாட்டேன்.

நரம்பு வழியில் கொடுப்பது பெரும்பாலும் மிடாசோலம் என்ற தணிப்பு மருந்து. முழுத் தூக்கம் கிடையாது. "வாயைத் திறங்கள்" என்றால் திறப்பீர்கள். ஆனால் பிற்பாடு கேட்டால் பாதி நினைவிருக்காது, அதுதான் பயந்தவர்களுக்குப் பெரிய வரம். அளவு கூடிவிட்டால் முறிக்க ஃப்ளுமாசெனில் இருக்கிறது.

வயிறு காலியாக வரச் சொல்வார்கள். திடச் சாப்பாடு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். இதில் நம் ஊர்க்காரர்கள் தவறாமல் மாட்டுவது டீயில். "ஒண்ணும் சாப்பிடல சார், ஒரு டீ மட்டும்தான்" என்பார்கள். பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். பால் சேராத பிளெயின் டீ தண்ணீர்க் கணக்கு. கோத்தகிரியில் காலை ஆறு மணிக்கு அந்த டீ இல்லாமல் பஸ் ஏறுகிறவர் யார்? அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரையில் எனக்கு நம்பிக்கை குறைவு. விழுங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவர் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்.

கொடை_பல்

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் மலையில் எத்தனை பல் கிளினிக்கில் மயக்க டாக்டரை வரவழைக்க முடியும்? மாத்திரையை ஒதுக்கிவிட்டால் பாதிப் பேர் வீங்கின கன்னத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். குறைந்த அளவில், முந்தைய இரவு ஒன்று, வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று என்று சரியான ஆளுக்குக் கொடுத்தால் நல்ல பலன் பார்த்திருக்கிறேன். 'சரியான ஆள்' என்பதுதான் முக்கியம். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர், கல்லீரல் கெட்டவர், வயதானவர், ஏற்கெனவே தூக்க மாத்திரையோ ஓபியாய்டு வலி மருந்தோ எடுப்பவர், மாலையில் ஒரு ரவுண்டு போடுகிறவர், இவர்களுக்கு நான் எழுத மாட்டேன்.

மஞ்சூர்க்காரன்

அந்தப் பட்டியலோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். மிடாசோலம், அல்பிரசோலம் போன்ற தணிப்பு மருந்துகள் உடம்பில் கரைவதை அது தடுக்கும், சாதாரண அளவே அதிகமாகிவிடும். மற்றபடி சரி, மேலே வேறு வசதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்காலியில் ஆக்ஸிமீட்டராவது மாட்டுங்கள்.

கூடலூர்_தம்பி

அல்பிரசோலம் எங்கள் அப்பாவிடம் இருக்கிறது. அதில் பாதி போட்டுக்கொண்டு போனால் போதாதா? எதற்கு இவ்வளவு பேச்சு?

மட்டுறுத்துநர்

வேண்டாம் தம்பி. அல்பிரசோலம், டயசிபாம், மிடாசோலம் மூன்றும் அரசின் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலான ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் தர வேண்டும், அந்தப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்தின் அளவு கேட்டோ சொல்லியோ யாரும் இந்த இழையில் எழுத வேண்டாம், நீக்கிவிடுவேன்.

கொடை_பல்

கூடவே ஒரு காரணம். நீங்களாகப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்லாமல் உட்கார்ந்தால், நான் அதன்மேல் இன்னொன்று கொடுத்துவிடுவேன்.

கூடலூர்_தம்பி

சரி சார், புரிந்தது. என் கதையையும் கேளுங்கள். எனக்குப் பயமே இல்லை, ஆனால் ஊசியைப் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிடுகிறேன். ரத்தம் கொடுக்கப் போய் விழுந்ததில் புருவத்தில் தையல். பல் டாக்டர் "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்கிறார். ரிலாக்ஸ் ஆகும்போதுதான் விழுகிறேன்.

கொடை_பல்

உங்களுக்கு அந்த அறிவுரை தலைகீழ். ஊசி, ரத்தம் பார்த்து விழுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். தளரச் சொன்னால் இன்னும் இறங்கும். கை, தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். முகம் சூடாகிற வரை இறுக்கினால் சரியான அளவு. வீட்டில் சில நாள் பழகிவிட்டு வாருங்கள். நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்துப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தணிப்பு மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

பயத்தில் இப்படி வகை இருக்கிறது. எதற்குப் பயம் என்று கேட்காமல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது அரைகுறை வேலை. தூறல் அம்மா, உங்களுக்கு எதில் பயம்? ஊசியா, சத்தமா, வலியா, அமுக்கிப் பிடிப்பார்கள் என்பதா?

தேயிலைத்தூறல்

இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். ஊசி குத்துவது பரவாயில்லை. மரக்காமலே ஆரம்பித்துவிடுவார்களோ, நிறுத்துங்கள் என்றால் நிறுத்த மாட்டார்களோ என்பதுதான். இன்னொன்று, ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த மருந்து எனக்கு அலர்ஜி என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

கொடை_பல்

படபடப்பு பெரும்பாலும் அலர்ஜி இல்லை அம்மா. மரக்கும் மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க அதில் துளி அட்ரினலின் சேர்ப்பார்கள், இங்கே வழக்கமாக 80,000-க்கு ஒரு பங்கு. அது ரத்தத்தில் கலந்தால் இதயம் சில நிமிடம் வேகமாக அடிக்கும், தானே அடங்கும். ஏற்கெனவே பயந்திருப்பவர் அதை 'ஏதோ ஆகிறது' என்று எடுத்துக்கொள்வார். மெதுவாகப் போட்டால் குறையும். தேவைப்பட்டால் அட்ரினலின் சேராத மருந்தும் இருக்கிறது. உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது வந்ததுண்டா? இல்லையென்றால் அலர்ஜி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதவிடாதீர்கள், பிறகு எங்கே போனாலும் தொல்லை.

அன்று மரக்காததற்கும் காரணம் இருந்திருக்கலாம். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மையோடு இருக்கும், அங்கே லிக்னோகெயின் சரியாக இறங்காது. வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவருகிறவர்களுக்குத்தான் இந்தத் துன்பம். நீங்கள் வீக்கம் இல்லாத நாளில் போங்கள்.

என்னிடம் கேட்டால் உங்கள் வேலையை இரண்டாகப் பிரிப்பேன். ரூட் கெனாலுக்கு மலை இறங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் டாக்டரிடம் தோளை அமுக்கின கதையை அப்படியே சொல்லுங்கள். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் நாள் வேலையே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஊசி போடும் முன் ஈறில் மரக்கும் ஜெல் தடவச் சொல்லுங்கள். நம் குளிரில் மருந்துக் குப்பி ஐஸ் மாதிரி இருக்கும், உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எரிச்சல் குறைவு. மரத்துவிட்டதா என்று குத்திப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்கள், "இன்னும் தெரிகிறது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கும் மேல் தேவைப்பட்டால் மாத்திரை, அதை அவர் தீர்மானிக்கட்டும்.

ஞானப்பல் கதை வேறு. எலும்பு வெட்ட வேண்டியிருக்கும், நேரமாகும். அதற்குக் கோவையில் நரம்பு வழித் தணிப்பு நியாயமான தேர்வு. இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையாக முடிக்க முடியுமா என்று வாய்-முக அறுவை நிபுணரிடம் கேளுங்கள்.

பர்லியார்_ஓட்டுநர்

முன்னால் கொஞ்சம் வெடுக்கென்று எழுதிவிட்டேன் போல. இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டீர்களே, மாலையில் திரும்பலாமா என்று. திரும்ப வேண்டாம்.

மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி. நல்ல உடம்போடு வருகிறவர்களே ஜன்னல் தேடுவார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, காலி வயிற்றோடு வருகிறவர் வாந்தி எடுத்தால் என்ன ஆகும்? பல் எடுத்த இடத்தில் ரத்தம் கட்டியது பெயர்ந்துவிடும். உங்கள் கோத்தகிரி ரோட்டில் வளைவு குறைவு என்றாலும் சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியையெல்லாம் அந்தப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள், நீங்கள் ஏறும்போது எதிரே வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மண் சரிந்து நடுவழியில் நிற்க நேரும். அந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து மறுநாள் ஏறுங்கள்.

மஞ்சூர்க்காரன்

அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நரம்பு வழியோ மாத்திரையோ, 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது. பேங்க் கையெழுத்து, பத்திரம் எதுவும் வேண்டாம். "தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று அவரவர் சொல்வதை நம்பவே கூடாது. ரெக்கவரியில் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டு, தான் எதுவுமே கேட்கவில்லை என்று சாதித்த வாத்தியார் உண்டு. துணைக்கு ஆள் இல்லை என்றால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே வீட்டுக்காரர் லீவு போட வேண்டியது பல் எடுக்கிற அன்றைக்கும் மறுநாளும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா

ஓட்டுநர் ஐயா, இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே!

பர்லியார்_ஓட்டுநர்

வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள் அம்மா.

தேயிலைத்தூறல்

எல்லோருக்கும் நன்றி. இடையில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், பரீட்சைத் தாள் திருத்தும் நேரம்.

ரூட் கெனால் இங்கேயே முடிந்துவிட்டது. மாத்திரை வேண்டியிருக்கவில்லை. கைதூக்கும் ஏற்பாட்டைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை, உதவிக்கு நிற்கும் பெண்ணையும் கூப்பிட்டு என் எதிரிலேயே சொல்லிவைத்தார். வேண்டுமென்றே ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார். அப்புறம்தான் உடம்பு நாற்காலியில் ஒட்டியது. படபடப்பு வந்தது, எண்ணிக்கொண்டே இருந்தேன், அடங்கிவிட்டது. அலர்ஜி என்று வீட்டில் இனி யாரும் சொல்ல முடியாது.

ஞானப்பல்லுக்குக் கோவையில் பேசியாகிவிட்டது. மயக்க டாக்டர் தனியாக வருவார் என்று உறுதி சொன்னார்கள். நரம்பு வழித் தணிப்பு, இரண்டு பக்கமும் ஒரே நாளில். நாத்தனார் வீட்டில் தங்கல். பால் டீ பற்றி அவர்களே கேட்டார்கள், மஞ்சூர்த் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

கொடை டாக்டருக்கு ஒரு கேள்வி. தையல் பிரிக்கத் திரும்பவும் கீழே போகத்தான் வேண்டுமா?

கொடை_பல்

வேண்டாம் அம்மா. தானே கரையும் நூலா, பிரிக்க வேண்டிய நூலா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிப்பதாக இருந்தால் ஒரு வாரம் கழித்து உங்கள் ஊர் டாக்டரே பிரித்துவிடுவார், அதற்கு ஊசி கூடத் தேவைப்படாது. அறுவை செய்தவரிடம் ஒரு சீட்டும் எக்ஸ்ரே நகலும் கேட்டு வையுங்கள். மூன்றாம், நாலாம் நாள் வலி குறைவதற்குப் பதில் காதுவரை இழுத்தால் உள்ளே கட்டிய ரத்தம் பெயர்ந்திருக்கலாம், அதற்குக் காத்திருக்காமல் கோத்தகிரியிலேயே காட்டுங்கள். முதல் நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்ச வேண்டாம். டீ ஆறின பிறகு.